இரண்டு கண்ணாடி

மூன்று பத்துக்கு 108 பின்வாக்கில் வந்து நின்றது.
கதவு திறந்ததும் முதலில் இறங்கியது வெங்காய வாசனை.
பள்ளத்தூர்க் கல்யாண வீட்டில்
விறகெடுக்கப் போனவளாம்.
பொன்னழகு, முப்பத்தெட்டு,
சமையல் கோஷ்டியில் பாத்திரம் கழுவுகிறவள்.
வலது கணுக்காலில் இரண்டு புள்ளி.
முழங்காலுக்குக் கீழே
தோரணக் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள்.
அதில் ஒரு மாவிலை இன்னும் தொங்கியது.

அவிழ்க்கக் கை நீட்டினார் கூட வந்த சாத்தையா.
தொடாதீங்க, என்றேன்.
மருந்து ஏறத் தொடங்கட்டும்,
அப்புறம்தான், அதுவும் மெல்ல.
கட்டியவரும் அவர்தான்.
கட்டும்போது இருந்த தைரியம்
இப்போது அந்தக் கையில் இல்லை.

என்ன பாம்பு?
மஞ்சள் பையை நீட்டினார்.
உள்ளே பாம்பில்லை, அவளுடைய ஒற்றைச் செருப்பு.
“சங்கிலி சங்கிலியா இருந்துச்சு,
குக்கர் மாதிரி சீறுச்சு.”
கண்ணாடி விரியன், என்றார் டாக்டர் ஜெனோவா.
என்றாலும் ரத்தத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டு மில்லி.
புதுக் கண்ணாடிக் குழாய், பிளாஸ்டிக் ஆகாது.
சோப்புப் போட்டுக் கழுவிய குழாய்
பொய் சொல்லும்.
மேசையில் நிறுத்திவைத்து
இருபது நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும்.
கடித்ததும் கண்ணாடி,
பதில் சொல்லப்போவதும் கண்ணாடி.

சுவர்க் கடிகாரம் செவ்வாய்க்கிழமையே நின்றுவிட்டது.
பேட்டரிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.
“நான் பாக்குறேன் சிஸ்டர்”
பெஞ்சிலிருந்து சேவுகன்.
புதுவயல் மில்லில் கண்ணில் உமி விழுந்து
ஒன்றரை மணிக்கு வந்தவர்.
கழுவிவிட்டும் உறுத்தல் போகாதவர்.
பச்சைப் பட்டை கட்டிய கையோடு
சிவப்புப் பட்டைகளுக்கெல்லாம் வழிவிட்டவர்.
ரெண்டு மணிக்கு என்னோடு சண்டை போட்டவரும் அவர்தான்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
மற்றதால் கைக்கடிகாரத்தைப் பார்த்து
நாலு ஆச்சு, ஏழு ஆச்சு என்று
கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வதுபோலச் சொன்னார்.

பொன்னழகு கேட்டாள்:
“ஆறரைக்கு முதல் பந்தி.
பாத்திரத்த யாரு கழுவுவா?”
சாத்தையா கூரையைப் பார்த்தார்.
வாயைத் திற, என்றேன்.
ஈறோரம் சிவப்பு.
வெத்தல போட்டியா?
இல்லை என்று தலையாட்டினாள்.
போட்டிருக்கக் கூடாதா
என்று எனக்குக் கோபம் வந்தது.

பதினஞ்சு ஆச்சு.

ஒரு ஈ வந்து குழாயின் விளிம்பில் உட்கார்ந்தது.
டாக்டர் விரட்டவில்லை, ஊதவுமில்லை.
அதுவாகப் போனது.

இருபது.
சாய்த்தார்.
புளித்தண்ணி மாதிரி ஓடியது.

பத்துப் புட்டி.
ஒவ்வொன்றிலும் அடியில் வெள்ளைத் தூள்.
தண்ணீர் ஏற்றிக் குலுக்கினால் நுரைத்துவிடும்,
உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும்.
நான் நாலு, டாக்டர் நாலு,
ஆம்புலன்ஸ் தம்பி ரெண்டு.
விடியாத நேரத்தில் மூன்று பேர்
பேசாமல் உருட்டிக்கொண்டிருந்தோம்.
“சீடைக்குக்கூட இவ்வளவு பதம் பாக்க மாட்டோம்”
என்றார் சாத்தையா.
வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் குரல் அவர் குரலாக இருந்தது.

மருந்து இறங்கத் தொடங்கியபின் கயிற்றை அவிழ்த்தேன்,
கொஞ்சம் கொஞ்சமாக.
பஞ்சு மஞ்சள் வாளியில்,
கையுறை சிவப்பு வாளியில்.
மாவிலைக்கு எந்த வாளி என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

விபத்துப் பதிவேட்டில் எழுதினேன்:
பாம்பு கடித்ததாகச் சொல்லப்படுகிறது.
அப்படித்தான் எழுத வேண்டும்,
பல் பதிந்த கால் எதிரே கிடந்தாலும்.

ஐந்து மணிக்குச் சேவுகனின் இமையைத் திருப்பினேன்.
ஒரே ஒரு உமி.
இதுக்கா, என்று
அவருக்கே சங்கடமாகிவிட்டது.
போகும்போது அவள் கட்டில் பக்கம்
இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுப் போனார்.

மறு குழாய் ஆறு மணி நேரம் கழித்து.
எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி முடிகிறது.
ரூபவதியிடம் சொன்னேன், எழுதியும் வைத்தேன்,
புதுக் குழாய் என்பதை அடிக்கோடிட்டு.

கல்லல் வீட்டில் திரையை இழுத்துவிட்டுப்
படுத்திருந்தேன், தூங்கவில்லை.
பத்தரைக்கு போட்டோ வந்தது:
சாய்ந்த குழாய்,
சாயாத ரத்தம்.
கீழே ரூபவதி எழுதியிருந்தாள்,
“பாத்திரத்த யாரு கழுவுனாங்கன்னு
இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க அக்கா.
நான் என்ன சொல்றது?”